ஒன்றரை வயசுன்னு சொல்லிட்டேன்

இங்க உக்காரலாமாக்கா? பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கிறீங்களா? அந்த மூலையில ஃபேன் ஓடல, இவனுக்கு வேர்த்துக் கொட்டுது. இப்ப எத்தனாவது டோக்கன் போகுது? இருபத்தேழா? அப்ப எனக்குப் பன்னெண்டு மணி ஆயிரும் போலருக்கே. ஒரு மணிக்கு நான் லேப்ல இருக்கணும்க்கா. அரை நாள் பர்மிஷன்தான் கொடுத்திருக்காங்க, அதுவும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு.

எனக்கு இங்க பெரிய வேலை ஒண்ணும் இல்ல. ஒரு சர்டிபிகேட் வேணும். பையனுக்கு ஒரு குறையும் இல்லன்னு டாக்டர் ஒரு வரி எழுதி சீல் வச்சுக் கொடுத்தா ஓடிருவேன். அதுக்கு இவ்வளவு கூட்டத்துல உக்காந்திருக்கேன் பாருங்க.

உங்க பாப்பா காதுல மாட்டியிருக்கிறது மெஷினாக்கா? வந்ததுல இருந்து பாக்குறேன், கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். பிறவியிலயேவா? பாவம். முகத்துல ஒண்ணுமே தெரியல, எவ்வளவு லட்சணமா இருக்கா. பேரு என்ன, ஓவியாவா. நாலு வயசா. எப்படிக்கா சமாளிக்கிறீங்க, எனக்கெல்லாம் அப்படி ஒண்ணுன்னா தாங்கிக்கவே மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, மனசுல பட்டதைச் சொல்லிட்டேன். எங்க கேஸ் வேற. நான் ஒரு பொய் சொன்னேன், அது இங்க கொண்டாந்து உக்கார வச்சிருக்கு.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல டெக்னீஷியன்க்கா. பேரு கற்பகவல்லி. சொந்த ஊர் அருப்புக்கோட்டை, கல்யாணம் ஆகி ஆறு வருஷமா மடிப்பாக்கத்துல இருக்கோம். எங்க வீட்டுக்காரரு லிஃப்ட் சர்வீஸ் பாக்குறாரு. எவன் எப்ப லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டாலும் போன் வரும், வண்டியை எடுத்துட்டுக் கெளம்பிருவாரு. அவரு ஒரு சம்பளத்துல வாடகையும் கட்டி, வண்டி கடனும் கட்டி, சாப்பிடவும் முடியாது. நான் ஆசைக்கு வேலைக்குப் போறவ இல்ல. அதை அவரோட அம்மாவுக்குப் புரிய வைக்கத்தான் முடியல. அவங்க ஊர்ல மாடு வச்சிருக்காங்க. மாட்டை விட்டுட்டு வர முடியாதாம். எங்கம்மா எங்க அண்ணன் புள்ளைங்க ரெண்டைப் பாத்துக்கிறாங்க, அங்கயே இடுப்பு ஒடிஞ்சு போச்சு. அதனால ரெண்டு பக்கமும் வாயே திறக்க வழியில்ல.

இவன் பொறந்து ஆறு மாசம் சம்பளத்தோட லீவு. அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி, சம்பளம் இல்லாம நாலு மாசம் இழுத்தேன். ஜூன் கடைசியில மேனேஜர் கூப்பிட்டாரு. ஜூலை ஒண்ணாந்தேதி வந்தா வாம்மா, இல்லன்னா வேற ஆள் போட்டுருவேன், வரிசையில நிக்கிறாங்கன்னாரு. நிக்கத்தான் செய்றாங்க. நேத்து படிச்சு முடிச்ச புள்ளைங்க, என் சம்பளத்துல பாதிக்கு.

அதுக்கப்புறம் நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே. வீட்டோட பாத்துக்க ஆள் அனுப்புறோம்னு ஒரு ஏஜென்சி. அவங்க கேட்டது என் சம்பளத்தை விட ஆயிரம் ரூபா கூட. நான் சிரிச்சுட்டேன்க்கா போன்லயே. அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா, மேடம் அப்ப நீங்களே பாத்துக்கலாமேன்னா. எங்க தெருவுல ஒரு பெரிய இடம் இருக்கு, கைக்குழந்தைக்குத் தனி ரூம், தனி ஆள், போன்லயே கேமரா பாத்துக்கலாம். பதினாலாயிரம். உள்ள ஏசி குளுகுளுன்னு இருந்துச்சு, அந்த அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்ததே சுகமா இருந்துச்சு. பால்வாடிக்குப் போனேன். டீச்சர் தங்கமானவங்க. ஆனா ரெண்டு வயசு முடியணும்மா, முடிஞ்சதும் கொண்டா, நானே பாத்துக்கிறேன்னாங்க. கீழ் வீட்டு அக்கா நாலு நாள் வச்சுக்கிட்டாங்க. அஞ்சாம் நாள், என் மருமகளுக்குப் பிடிக்கலைன்னுட்டாங்க.

வேலை பாக்குற இடத்துலயே புள்ளைய விட ரூம் வைக்கணும்னு சட்டம் இருக்காமே, தெரியுமா உங்களுக்கு? அம்பது பேர் வேலை பாத்தா வைக்கணுமாம். எங்க லேப்ல நாப்பத்தெட்டு பேரு. நான் சேந்த நாள்ல இருந்து நாப்பத்தெட்டு பேருதான். ஒருத்தர் வந்தா ஒருத்தர் போயிருவாங்க.

கடைசியா கீழ்க்கட்டளைப் பக்கம் ஒரு பிளே ஸ்கூல். லேப்ல கூட்டுற அக்கா சொன்னாங்க. ஒரு வீட்டோட கீழ்த்தளத்துல ஜெசிந்தா மிஸ்னு ஒருத்தங்க நடத்துறாங்க. இருபத்தாறு புள்ளைங்க, ரெண்டு ஆயா. காலையில ஒம்பதுல இருந்து சாயந்தரம் ஆறரை வரைக்கும். நாலாயிரத்தி ஐநூறு. தரையெல்லாம் சுத்தமா இருந்துச்சுக்கா, கக்கூஸ் வரைக்கும் எட்டிப் பாத்தேன். எனக்கு அழுகையே வந்துருச்சு, கிடைச்சிருச்சுன்னு. அப்ப அந்த மிஸ் சொல்றாங்க, ஒன்றரை வயசு ஆகியிருக்கணும், நடக்கணும், புட்டிப் பால் கிடையாது, தானா சோறு சாப்பிடணும். கைக்குழந்தை எடுக்கிறதில்ல, ஆள் கிடையாதுன்னு. பையனுக்கு எத்தனை மாசம்னு கேட்டாங்க.

இவன் என் இடுப்புல இருக்கான். அப்ப பதினோரு மாசம்கூட முடியல. ஆனா பாருங்க இவனை, இப்பவே எப்படி இருக்கான். எங்க அண்ணன் உடம்பு. பத்தாம் மாசமே நடந்துட்டான். நான் இறக்கி விட்டேன், தத்தித் தத்தி அந்த மிஸ் மேசை வரைக்கும் போயி, அவங்க வச்சிருந்த பேனாவை எடுத்துட்டான். ஒன்றரை முடிஞ்சிருச்சு மிஸ், ஜனவரியில பொறந்தான்னு சொல்லிட்டேன்.

அவ்வளவுதான்க்கா. வாயில இருந்து தானா வந்துச்சு. பர்த் சர்டிபிகேட் எங்கன்னாங்க, ஊர்ல இருக்கு மிஸ், அடுத்த மாசம் போறப்ப எடுத்துட்டு வர்றேன்னேன். அந்த அடுத்த மாசம் இன்னும் வரல. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். பஸ்ல அரை டிக்கெட்டுக்கு வயசைக் குறைச்சுச் சொல்ற ஊர்ல, நாம கூட்டித்தானே சொல்லியிருக்கோம், விடுன்னாரு.

பொய் சொல்றது ஒரு நிமிஷ வேலை. அதைக் காப்பாத்துறதுதான் பெரும்பாடு. ஒன்றரை வயசுப் புள்ள புட்டி குடிக்காது இல்லையா, அதனால ஒரே வாரத்துல புட்டியை நிறுத்தினேன். தாய்ப்பாலையும் பகல்ல நிறுத்தினேன். நெஞ்சு கல்லு மாதிரி கட்டிக்கும், மதியம் லேப் பாத்ரூம்ல நின்னு பீச்சி விடுவேன், வெளிய ஒருத்தி கதவைத் தட்டிட்டே இருப்பா. ஆகஸ்ட் பதினாறு இவனுக்கு மொதப் பொறந்த நாள். பிளே ஸ்கூல்ல மத்த புள்ளைங்களுக்கெல்லாம் கேக்கு, தொப்பி, பாட்டுன்னு அமர்க்களம் பண்ணுவாங்க. இவனுக்குத்தான் பொறந்த நாள் ஜனவரியாச்சே. பழைய சட்டையைப் போட்டு விட்டுட்டு வந்தேன். புதுச் சட்டையை சாயந்தரம் வீட்டுக்கு வந்து போட்டேன், அதுக்குள்ள இவன் தூங்கிட்டான். தூங்குறவனுக்குப் போட்டு விட்டு ஒரு போட்டோ எடுத்தேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும்க்கா, இவன் மாதிரி ஒரு புள்ள யாருக்கும் கிடைக்காது. தொந்தரவே கிடையாது. அது ஒண்ணுதான் எனக்கு தைரியம். போன தீபாவளிக்கு ரெண்டரை மாசக் குழந்தை, எங்க தெருவுல பத்தாயிரம் வாலா வெடிக்கிறானுங்க, நான் காதைப் பொத்திக்கிட்டு இருக்கேன், இவன் கண்ணைக்கூடத் திறக்கல. மேல் வீட்டுல டைல்ஸ் மாத்தினாங்க, மெஷினை வச்சு ஒரு வாரம் அறுத்தாங்க. அக்கம்பக்கத்துப் புள்ளைங்கெல்லாம் அழுது தீத்துச்சுங்க, இவன் பாட்டுக்கு மூணு மணி நேரம் தூங்குவான். பிளே ஸ்கூல்லயும் அப்படித்தான். மதியம் எல்லாரையும் வரிசையாப் படுக்க வைப்பாங்க. ஒண்ணு அழுதா எல்லாம் எழுந்திரிச்சுக்கும். இவன் மட்டும் அசைய மாட்டான். அங்க லோகம்மான்னு ஒரு ஆயா இருக்கு, அதுதான் சொல்லும், உம்புள்ள மாதிரி இருந்தா நான் ஒத்தையா அம்பது புள்ளைய பாப்பேன்மான்னு. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கும். எங்க போனாலும் நான் அதைத்தான் முதல்ல சொல்லுவேன், ரொம்ப சாதுப் புள்ளைங்கன்னு.

ஆறு மாசத்துல ஆ, ஊன்னு ஓயாம சத்தம் போடுவான். அப்புறம் அதுவும் தானா குறைஞ்சிருச்சு. விவரம் வந்துருச்சுன்னு எங்கம்மா சொன்னாங்க.

அந்த லோகம்மாதான்க்கா முதல்ல ஆரம்பிச்சது. செப்டம்பர்ல ஒரு நாள் கூப்பிடப் போனப்ப, கேட்டுகிட்ட நின்னு, யம்மா, உம்புள்ளைய கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குதும்மா, எதுக்க போயி நின்னாத்தான் சிரிக்குது, எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டேன்னு சொல்லுது. எனக்கு சுர்ருன்னு வந்துச்சு. தனியா ஏதாவது கொடுப்பேன்னு அடி போடுதுன்னு நினைச்சேன். மத்த அம்மாங்க அப்பப்ப அம்பது நூறு கொடுக்கிறது எனக்குத் தெரியும். நான் கொடுக்கிறதில்ல. இருபத்தாறு புள்ளைங்க கூச்சல்ல பெரியவங்களுக்கே காது அடைக்கும், நீங்க கூப்பிட்டது அவனுக்கு எங்க கேக்கும், வேலையைப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அதோட அது என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்ல. பையைக் கொடுக்கும், புள்ளையைக் கொடுக்கும், உள்ள போயிரும்.

போன வெள்ளிக்கிழமை டைரியில மிஸ் எழுதி அனுப்பியிருக்காங்க. ஒண்ணே முக்கால் வயசு ஆகியும் ஒரு வார்த்தை பேசல, பேர் சொல்லிக் கூப்பிட்டா பாக்கல, சொன்னதைச் செய்யல. காதும் பேச்சும் பரிசோதிச்சு டாக்டர் சர்டிபிகேட்டோட திங்கள்ல இருந்து ஒரு வாரத்துக்குள்ள வரணும், இல்லன்னா வச்சுக்க முடியாதுன்னு. நான் நேரா போயி சண்டை போட்டேன். அந்தம்மா சத்தமே போடல. இங்க பாரும்மா, ஸ்பெஷல் சைல்டுன்னா அதுக்குன்னு படிச்ச டீச்சர் இருக்கிற இடத்துக்குப் போகணும், எங்ககிட்ட அந்த வசதி கிடையாது, புள்ளையோட நல்லதுக்குத்தான் சொல்றேன்னாங்க. ஸ்பெஷல் சைல்டாம். என் புள்ளைய.

அவங்களுக்கு என்ன தெரியும். பதினாலு மாசப் புள்ள எங்கக்கா பேசும்? ஒண்ணே முக்கால் வயசுப் புள்ளை கூட வச்சு இவனைப் பாத்தா மந்தமாத்தான் தெரிவான். பக்கத்துல உக்காத்தி வச்சிருக்கிற புள்ள, மழை மழைன்னு பாட்டுப் பாடுது. இவன் அது வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். ஏழு மாசம் மூத்தது அது. நான் வாயைத் திறந்து, மிஸ், இவன் ஆகஸ்ட்ல பொறந்தவன்னு சொன்னா முடிஞ்சது. எல்லாரும் வாயை மூடிக்குவாங்க. ஆனா சொன்னா அந்த நிமிஷமே பையைக் கையில கொடுத்து அனுப்பிருவாங்க. வேற எங்க கொண்டு விடுவேன்? திரும்பவும் அந்தப் பதினாலாயிரத்துகிட்டயா?

காலையில சீட்டு போடுற இடத்துல வயசு கேட்டாரு. ஒண்ணே முக்கால்னு சொல்லிட்டேன், சர்டிபிகேட் அந்த மிஸ் கைக்குத்தானே போகும். இங்க பாருங்க, ஒரு வயசு ஒம்பது மாசம்னு எழுதியிருக்காங்க. இப்ப உக்காந்து யோசிக்கிறேன், டாக்டரும் இந்த வயசை வச்சுப் பாத்தா அவங்களும் மந்தம்னுதானே எழுதுவாங்க? உண்மையான வயசைச் சொன்னா, ஒண்ணும் இல்லம்மா, சின்னப் புள்ள, தானா பேசும்னு அனுப்பிருவாங்க. ஆனா சர்டிபிகேட்ல பதினாலு மாசம்னு வரும். நான் எந்த வயசைச் சொல்றதுக்கா? ரெண்டு நாளா இதே நினைப்புத்தான். நேத்து ஒருத்தருக்கு ரத்தம் எடுத்துட்டு, டியூப்ல பேரே எழுதாம வச்சுட்டேன். எட்டு வருஷத்துல அப்படிச் செஞ்சதே இல்ல. மறுபடி கூப்பிட்டு, அவருக்கு இன்னொரு தடவை குத்த வேண்டியதாப் போச்சு.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க?

பொறந்தப்பவா? இல்ல, எடுக்கல. எழுதிக் கொடுத்தாங்க. மஞ்சக் காமாலைன்னு ஒரு வாரம் லைட்டுல வச்சிருந்தாங்க இவனை, அனுப்புறப்ப ஏதோ காது டெஸ்டுன்னு ஒரு சீட்டு. அன்னைக்கு அந்த ஆள் லீவு, ஒரு மாசத்துக்குள்ள வாங்கன்னாங்க. எனக்கு ஆபரேஷன் பண்ணின வயிறு, யார் கூட்டிட்டுப் போறது. எல்லாப் புள்ளைக்கும் எழுதுறதுதானேன்னு விட்டுட்டோம். நானே லேப்காரிதான், டாக்டர் எழுதின டெஸ்டைத் தள்ளிப் போடாதீங்கன்னு வர்றவங்ககிட்ட தினமும் சொல்றவதான். என்ன செய்யிறது, நம்ம வீட்டு விஷயம்னு வந்தா அப்படித்தான் ஆயிருது.

உங்க பாப்பாவுக்கும் எடுக்கலையா? ரெண்டே முக்கால் வயசுல கண்டுபிடிச்சீங்களா? அவ்வளவு நாளா தெரியாமலா இருந்துச்சு? கூடவே இருந்துமா? ...ம். ...ம். நீங்களும் சாதுப் புள்ளைன்னுதான் நினைச்சீங்களா.

இல்லக்கா, இவனுக்குக் கேக்கும். நல்லாவே கேக்கும். நான் வீட்டுக்குள்ள வந்தா போதும், அப்படிச் சிரிப்பான். பின்னாடி இருந்து வந்து தூக்கினாத்தான் ஒரேயடியா பயந்துருவான், முன்னாடி வந்தா சிரிப்பான். மிக்ஸி போட்டா ஓடி வந்து தொட்டுப் பாப்பான், கையை வச்சுக்கிட்டு அப்படியே நிப்பான். கேக்காதவன் ஓடி வருவானா? அதிருதுன்னு வர்றானா? அப்படியும் சொல்லலாம். நீங்க சொல்றதைப் பாத்தா எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் சொல்லலாம்க்கா. நான் ஒண்ணும் கோவமாப் பேசல. உங்க புள்ளைக்கு அப்படி ஆச்சுங்கிறதுக்காக எல்லாப் புள்ளையையும் அப்படிப் பாக்கக் கூடாதில்ல.

பாப்பா பேசுதே! இப்ப என்னமோ கேட்டுச்சே. பசிக்குதுன்னா சொன்னா? தெளிவாத்தான் இருக்கு. கொடுங்க, கொடுங்க, நான் இவனை இறக்கி விடுறேன், நீங்க டிபன் பாக்ஸைத் திறங்க. இவன் எங்கயும் போக மாட்டான், அந்த நாற்காலிக் காலுல ஏதோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, அதைப் பிய்ச்சிக்கிட்டு இருப்பான்.

ஐயோ, மூடி விழுந்துருச்சு. பரவாயில்ல கண்ணு, நீ பயப்படாத, யாரும் திட்ட மாட்டாங்க. தூக்கிவாரிப் போட்டுருச்சு எனக்கு. என்ன சத்தம், இந்த ஹால் பூராவும் திரும்பிப் பாக்குது பாருங்க, அந்த செக்யூரிட்டிகூட எட்டிப் பாக்குறாரு. சில்வர் மூடி, இந்தத் தரையில சுத்திச் சுத்தி...

அவன் அந்த ஸ்டிக்கர்லயே இருக்கான். விளையாட்டுல இறங்கிட்டா அப்படித்தான், உலகமே இடிஞ்சு விழுந்தாலும்.

அக்கா, அந்த மூடியைக் கொஞ்சம் கொடுங்க. இல்ல, நீங்களே போடுங்க. அவனுக்குப் பின்னாடி. நல்லா மேல இருந்து. யார் பாத்தா என்ன, போடுங்க.

இன்னொரு தடவை போடுங்கக்கா.

நிரஞ்சா. டேய் நிரஞ்சா. நிரஞ்சா, அம்மாவைப் பாரு. அம்மா இங்க இருக்கேன் பாரு.

...

தண்ணி வேணாம்க்கா. செக்யூரிட்டிகிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்லிருங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். அவனை நானே தூக்கிக்கிறேன். இந்தா பாருங்க, என் மூஞ்சியப் பாத்ததும் எப்படிச் சிரிக்கிறான்னு. எப்பவும் இப்படித்தான். நான் இதைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அந்த லோகம்மாவை நான் என்ன பேச்சுப் பேசினேன். அவ ஒரு நாள் முழுக்க இருபத்தாறு புள்ளைக்கு நடுவுல வச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கா. நான் பெத்தவ, பதினாலு மாசமா சாதுப் புள்ளை, சாதுப் புள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். பாத்துக்கிறவங்க காசு குறைச்சுக் கேக்க மாட்டாங்களான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

எத்தனை மாசத்துல மெஷின் வைப்பாங்க? சீக்கிரம் வச்சா நல்லதா? உங்க பாப்பாவுக்கு லேட்டாயிருச்சுன்னு டாக்டர் சொன்னாங்களா? ஒவ்வொரு மாசமும் கணக்குன்னா சொன்னாங்க? அப்படின்னா நான் பதினாலு மாசம்னே சொல்றேன்க்கா. சீட்டை மாத்தி எழுதச் சொல்றேன், திட்டினா திட்டட்டும். வயசைக் கூட்டிச் சொல்லி ஏழு மாசத்தை நானே தூக்கிப் போட்டிருக்கேன் பாருங்க, அது அவனுக்கு வேணும். மிஸ் அனுப்பிருவாங்க. அனுப்பட்டும். வேலை போகும். போனா என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. நிஜமாவே தெரியலக்கா, யோசிக்க முடியல. வீட்டுக்காரருக்கு போன் பண்ணணும், அவரு எந்த லிஃப்டுக்குள்ள இருக்காரோ. எடுத்தா என்னன்னு சொல்லுவேன்?

இதெல்லாம்கூட எப்படியாவது பாத்துக்கலாம். நான் வேற ஒண்ணை நினைச்சுட்டேன்க்கா, அதுதான் தாங்க முடியல.

காலையில அந்த கேட்டுகிட்ட இவனைக் கொடுக்கும்போது கத்தி அழுவான். என் துப்பட்டாவைப் பிடிச்சுக்குவான், விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுக்கணும். மத்த அம்மாங்கெல்லாம் புள்ளை வேற பக்கம் பாக்குறப்ப நைசா நழுவிருவாங்க. அப்படி ஏமாத்திட்டுப் போகக் கூடாதுன்னு எனக்கு ஒரு வைராக்கியம். நான் நின்னு, தோள்ல சாச்சுக்கிட்டு, அவன் காதுகிட்ட மெதுவாச் சொல்லிட்டுத்தான் இறக்கி விடுவேன். அம்மா வேலைக்குப் போறேன் தங்கம், சாயந்தரம் ஆறு மணிக்கு வந்துருவேன், கண்டிப்பா வந்துருவேன்னு. லேட்டானாலும் இதைச் சொல்லாம போனதில்ல. பஸ்ஸை விட்டிருக்கேன் இதுக்காக. சொல்லிட்டு வந்தோமேங்கிற அந்த ஒரு நினைப்புலதான் நாள் முழுக்க அங்க நிப்பேன். அழுதாலும் அவனுக்குத் தெரியும், அம்மா வருவான்னு தெரியும்னு.

மூணு மாசம்க்கா. அவனுக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்காதே. காதுல மூச்சுக் காத்து பட்டிருக்கும், அவ்வளவுதான். நான் திரும்பி வருவேன்னு அவன்கிட்ட யாருமே சொல்லலையேக்கா. தினம் தினம், அம்மா என்னை விட்டுட்டே போயிட்டான்னுதானே அழுதிருப்பான்.